பஸ்ரியன் தெரிந்தெடுத்த ஆள்

மறியலில் கம்பி எண்ணி வந்த எவனையும் தன்னுடைய வாடிக்குள் கால் வைக்க விடுவதில்லை என்று, ஒரு வியாழக்கிழமை காலை இடியப்பத் தட்டுக்கு முன்னால் பஸ்ரியன் சபதம் எடுத்தார்.

"அப்ப பயிற்சிக்குப் போகேல்லையோ?" என்றாள் மனைவி றெபேக்கா.

"போவன். பிரியாணி குடுப்பினமாம். சாப்பிட்டிட்டு வருவன். மனம் மட்டும் மாறமாட்டன்."

தண்டனை முடித்து வந்தவர்களை நியாயமாக வேலைக்கு எடுப்பது எப்படி என்று முதலாளிமாருக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒருநாள் வகுப்பு அது. பஸ்ரியனும் முதலாளிதான். தாழ்வுபாட்டுக் கடற்கரையில் நாலு படகு, எஞ்சின் வைக்க வாடி என்று ஒரு கொட்டில். மெக்கானிக் கட்டாருக்குப் போன நாளிலிருந்து இரண்டு படகு மணலில் கிடந்தது. அதை நம்பியிருந்த ஆறு குடும்பமும் கிட்டத்தட்ட அப்படியேதான் கிடந்தது. "ஆள் தேடுறன், கிடைக்குதில்லை" என்று பஸ்ரியன் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மன்னார் டவுண் மண்டபத்தில் வகுப்பு நடத்தின சுபத்திரா ரீச்சர் ஆளுக்கு மூன்று விண்ணப்பத் தாள் கொடுத்தார். பெயர் இல்லை. ஊர் இல்லை. வழக்கு விபரமும் இல்லை.

"முதல்ல திறமையைப் பாருங்கோ. பிறகு மூண்டு கேள்வி கேளுங்கோ. என்ன குற்றம்? எவ்வளவு காலத்துக்கு முந்தி? அதுக்கும் இந்த வேலைக்கும் தொடர்பு இருக்கோ? கேளாமல் கதவைச் சாத்தாதேங்கோ."

பஸ்ரியனுடைய முதலாம் தாளில் ஒரு தையல்காரர். மூன்றாவதில் பேக்கரியில் பாண் போடுகிறவர். இரண்டாவது ஆள் எந்தப் படகு எஞ்சினையும் கழட்டிப் பூட்டுவார். நாலு வருசப் பழக்கம்.

"இவர்தான் என்ர ஆள்!" பஸ்ரியன் கதிரையை விட்டே எழும்பிவிட்டார்.

"சந்தோசம். மூண்டு பேருமே மறியலில இருந்து வந்தவையள்" என்றார் ரீச்சர்.

பஸ்ரியன் இருப்பதா நிற்பதா என்று யோசிப்பதற்குள் மண்டபம் கைதட்டியது. ஒருவர் படம் எடுத்தார். இன்னொருவர் மைக்கை நீட்டினார். "பிழை விடாத மனிசன் ஆர்?" என்று பஸ்ரியன் முழங்கினார். முழங்கின சூட்டோடு, 'விண்ணப்பதாரர் இலக்கம் இரண்டு' என்று போட்டிருந்த வேலைக் கடிதத்தில் கையெழுத்தும் வைத்தார். மூன்று கேள்வியில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்தால், விறாந்தையில் ஒருவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பஸ்ரியனைக் கண்டதும் எழும்பினார். நிறோஜன்! ஏழு வருசத்துக்கு முன்னால் வாடிப் பூட்டை உடைத்து, பஸ்ரியனுடைய புத்தம்புது எஞ்சினோடு கடலில் போன அதே நிறோஜன்.

"அந்தோனியாரே! றெபேக்கா, கள்ளன்!"

"கள்ளன் இல்லை. நீங்கள் எடுத்த ஆள். இலக்கம் இரண்டு."

பஸ்ரியன் றெபேக்காவின் பக்கம் திரும்பினார்.

"ஆரடி அந்தத் தாளை எழுதினது?"

"படலையடி வரைக்கும் வந்து வந்து திரும்பினவரை ஒருநாள் நான் கூப்பிட்டு விசாரிச்சன். அவர் சொன்னார், நான் எழுதினன்."

"என்ர கைக்கு எப்பிடி வந்தது?"

"ரீச்சரிட்டக் குடுத்துவிட்டனான். நீங்கள் கையெழுத்து வைச்ச உடனை அவ ஃபோனும் எடுத்தவ."

"மற்ற ரண்டும்?"

"அதுகளும் உண்மையான ஆக்கள்தான். ஆனா எஞ்சின் பழுதாய்க் கிடக்க நீங்கள் தையல்காரரையோ எடுப்பியள்?"

"நான் மூண்டாவது கேள்வி கேக்கிறன்! தொடர்பு இருக்கு! வேலையும் எஞ்சின், களவும் எஞ்சின். அதுவும் என்ர எஞ்சின்!"

"அப்ப அவரிட்டையே கேளுங்கோ."

நிறோஜன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "களவெடுத்தனான்தான் அண்ணை. அப்ப இருவத்தொரு வயசு. மன்னிப்புக் கேக்க நாலுதரம் உங்கட படலை வரைக்கும் வந்து, பயத்தில திரும்பிப் போனனான். களவெடுத்த அண்டைக்கு எஞ்சின் நடுக்கடலில நிண்டிட்டுது. கழட்டினன். திருப்பிப் பூட்டத் தெரியேல்லை. அப்பிடித்தான் பிடிபட்டனான். மறியலிலதான் பூட்டப் பழகினன். வெளிய வந்து ரண்டு வருசம் உயிலங்குளத்தில தண்ணிப் பம்ப் திருத்தினன்."

பூட்டை உடைத்தவன், பூட்டிவைத்த இடத்தில் பூட்டப் பழகியிருக்கிறான். பஸ்ரியனுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் வேறொன்று வந்தது.

"அந்த எஞ்சினில அப்ப என்ன பிழை?" என்று வாய் அவரைக் கேளாமலே கேட்டது.

"தண்ணி கலந்த மண்ணெண்ணெய், அண்ணை. இப்பவும் அதைத்தான் ஊத்திறீங்கள்."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"காலமை வாடிக்குப் போய்ப் பாத்தவர்" என்றாள் றெபேக்கா. "நீங்கள் அங்க மைக் பிடிச்ச நேரம், இஞ்ச ரண்டு எஞ்சினும் ஸ்டார்ட் ஆகிட்டுது. நாளைக்கு ரண்டு படகும் கடலுக்குப் போகுது."

"கையெழுத்து வைக்க முந்தியே வேலை துடங்கிட்டுதோ?"

"உங்கட மனம் எனக்குத் தெரியாதோ?"

பஸ்ரியன் மீசையைத் தடவினார். முதலாளி என்று ஒரு வார்த்தையாவது சொல்லவேண்டும்.

"வாடித் திறப்பைத் தா. பூட்டைத் திறந்து நானே சோதிக்கவேணும்."

"என்னட்ட இல்லை. மூண்டு திறப்பை நீங்கள் கடலுக்க விழுத்திப்போட்டீங்கள். மிச்சம் ஒண்டுதான்."

பஸ்ரியன் திரும்பினார். நிறோஜன் கூச்சத்தோடு சேட்டுப் பொக்கற்றைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

"கேட்டுப் பாருங்கோ" என்றாள் றெபேக்கா. "நம்பிக்கையான ஆளெண்டாத் தருவார்."