சம்பந்தி அக்காவின் மொட்டைமாடிப் பரீட்சை

தாம்பரம் வட்டாரத்திலேயே மிக அதிகமான சம்பந்திகளைச் சம்பாதித்த பெண்மணிக்குக் கல்யாணமே ஆகவில்லை. சேலையூரில் சம்பந்தி, மேடவாக்கத்தில் சம்பந்தி, அவ்வளவு ஏன், பொத்தேரியில்கூட மூன்று சம்பந்திகள். அத்தனை பேர் வீட்டிலும் அவர் வளர்த்துக் கொடுத்த பிள்ளை ஒன்று வாலாட்டிக்கொண்டிருக்கும்.

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனிலிருந்து உள்ளே போகும் சந்து ஒன்றின் கடைசியில், காலி மனையில் தகரக் கொட்டகை போட்டு, அடிபட்டதும் கைவிடப்பட்டதுமான தெருநாய்களை வைத்துக் காப்பாற்றுகிறவர் அவர். ஒரு மருத்துவமனையில் வார்டு ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ரேஷன் கார்டில் என்ன பெயர் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. நாயைத் தத்தெடுத்துப் போகிறவர்களை எல்லாம் "சம்பந்தி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவரே சம்பந்தி அக்கா ஆகிவிட்டார்.

நாய்களுக்குப் பெயர் வைக்க அவர் மண்டையைக் குடைந்துகொண்டதில்லை. எந்த ஊரில் கிடைத்ததோ அந்த ஊரே பெயர். கொட்டகைக்கு வெளியே நின்றால், "ஏய் குரோம்பேட்டை, பல்லாவரத்த வுடு", "பெருங்களத்தூருக்கு இன்னிக்கும் வவுறு சரியில்ல" என்றெல்லாம் குரல் கேட்கும். புதிதாக வருகிறவர்கள், உள்ளே ஏதோ மாநகராட்சிக் கூட்டம் நடக்கிறது போலிருக்கிறது என்று தயங்கித் தயங்கி வருவார்கள்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்கு என் மனைவி சாந்திதான் பொறுப்பு. ஓய்வு பெற்ற மறுமாதமே, "வீட்ல உக்காந்து என்னையே பார்த்துக்கிட்டு இருக்காம, என்கூட வாங்க" என்று அழைத்துப் போய் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டாள். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இருபது பேரை அதட்டி வேலை வாங்கியவன் நான். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு தட்டு தர்பூசணியை என் மடியில் வைத்தார்.

"கொட்டைய எடுத்துட்டுக் குடு சார். ஒண்ணு வுட்டாலும் அதுங்களுக்கு வவுறு பேஜாராயிடும்."

கோடைக் காலம் என்றால் கொட்டகையில் அதுதான் என் உத்தியோகம். தகரத்தின் மேல் தென்னங்கீற்று பரப்பி, சுற்றிலும் நனைத்த கோணி கட்டி, சிமெண்ட் தொட்டிகளில் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து கொட்டை எடுப்பேன். தலைமைப் பொறுப்பிலிருந்து இப்படித் தலைகுப்புற விழுந்தவன் இந்தப் பகுதியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நாயைத் தத்துக் கொடுப்பதை அக்கா முழுக்க முழுக்கக் கல்யாணமாகவே நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பெண் பார்க்கும் படலம். வந்தவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, வாழைக்காய் பஜ்ஜி, காபி. குளிப்பாட்டி, புது பெல்ட் கட்டிய நாயை அக்கா மெதுவாக அழைத்து வருவார்.

"புட்சிருக்கான்னு நான் உங்கள கேக்கல சம்பந்தி. அத்தக் கேக்கறேன்" என்பார்.

நாய் நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டால் சம்மதம். அக்காவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால், வந்தவர்கள் பஜ்ஜியை முடித்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டியதுதான். ஒரு முறை காரில் வந்திறங்கிய இளம் தம்பதி, "வெள்ளையா, புசுபுசுன்னு ஏதாவது இருக்கா ஆன்ட்டி?" என்று கேட்டார்கள்.

"இருந்துச்சும்மா. இப்பதான் பஜ்ஜியோட சேந்து தீந்துபோச்சு" என்றார் அக்கா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

நாய்க்குப் பிடித்திருந்தாலும் பிறகு மாப்பிள்ளை வீடு பார்க்கும் சடங்கு உண்டு. நாயைத் தற்காலிகமாக வீட்டில் வைத்து வளர்த்தவர்கள் பெண் வீட்டாராகக் கூடவே போக வேண்டும். வீட்டில் யார் யார், ஊருக்குப் போனால் நாயை யார் பார்த்துக்கொள்வார்கள், தீபாவளி வெடிக்கு எந்த அறை என்று கேள்வி கேட்டுவிட்டு, கடைசியாக அக்கா மொட்டைமாடிக்கு ஏறுவார். நேரம் சரியாகப் பகல் பன்னிரண்டரை. வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்க வேண்டும். அக்கா பத்து வரை எண்ணுவார்.

"மாடி முழுக்க அதுக்குத்தான் மேடம், ஜாலியா ஓடி விளையாடட்டும்" என்று பெருமையடித்த ஒருவர் நாலு எண்ணுவதற்குள் எம்பிக் குதித்தார்.

"நாலுக்கே நீங்க டான்ஸ் ஆடறீங்க சம்பந்தி. அதுக்கு நாலும் வெறுங்காலு" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கி வந்துவிட்டார். அந்தச் சம்பந்தம் அத்தோடு முறிந்தது.

கல்யாணம் ஆனாலும் விடமாட்டார். புதுப்பெண்ணை ஆடிக்கு அழைப்பதுபோல, கத்திரி வெயில் தொடங்கியதும் தான் கொடுத்த நாய்களை எல்லாம் ஒரு நாள் தாய்வீட்டுக்கு அழைப்பார். எடை பார்த்து, காதுக்குள் உண்ணி தேடி, தடுப்பூசிச் சீட்டை வாங்கிப் படித்து, திருப்தியானால் சீர்வரிசையாக ஒரு மண்சட்டியும் கோணியும் கொடுத்து அனுப்புவார். இளைத்திருந்தால் சம்பந்திக்குச் சபையிலேயே மண்டகப்படிதான்.

இப்படியிருக்கும்போதுதான் வண்டலூர் வந்தாள். அந்த ஊர்ப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போன செம்பட்டை நாய். பின்னங்கால் முறிந்து, பாதிக் காது போய், மனிதச் சத்தம் கேட்டாலே நடுங்கும். கொட்டகைக் கூச்சலில் முறிந்த எலும்பு ஒட்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ரெண்டே வாரம் சார், உங்க வூட்ல இருக்கட்டும்" என்றார் அக்கா.

"ரெண்டு வாரம்தான்" என்று நான் மூன்று முறை கறாராகச் சொன்னேன். சாந்தி சிரித்துக்கொண்டே நின்றாள்.

வண்டலூர் என் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டவள், பத்து நாள் வெளியே வரவில்லை. தயிர்சாதத்தைத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு நான்தான் ஊட்டினேன். பெற்ற மகனுக்குக்கூட நான் ஊட்டியதில்லை. சாந்தி அதை அடிக்கடி ஞாபகப்படுத்துவாள். பதினோராம் நாள் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, நொண்டிக்கொண்டே வந்து என் நாற்காலிக்கு அடியில் படுத்தாள். அன்று ஒரே செய்தியை நாலு முறை படித்தேன். என்ன செய்தி என்று இப்போது கேட்டாலும் தெரியாது.

இரண்டு வாரம் இரண்டு மாதம் ஆயிற்று. கால் கூடியது. கத்திரி தொடங்கிய வாரம் அக்கா போன் செய்தார்.

"சார், நம்ம வண்டலூருக்கு ஒரு வரன் வந்துகீது. மாடம்பாக்கத்துல சொந்த வூடு. ஜெபராஜ்னு ரிட்டயர்டு வாத்தியாரு. தங்கமான மன்சன்."

"நல்லது அக்கா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. அக்காவின் சட்டப்படி, வளர்க்கிற வீடு வேறு, கட்டிக்கொடுக்கிற வீடு வேறு. "வளக்கறவங்களே வச்சுக்கினா, நாளிக்கு ரோட்ல அடிபட்டுக் கெடக்கறத எந்த வூட்டுக்குத் தூக்கினு போறது?" என்பார். நியாயமான கேள்விதான். போன வருஷம் ஒரு பெண் தான் வளர்த்த நாய்க்குட்டியைத் தானே வைத்துக்கொள்கிறேன் என்று அழுதபோது, அக்கா பக்கம் நின்று, "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா" என்று முழங்கியது வேறு யாருமில்லை, அடியேன்தான்.

பெண் பார்க்கும் அன்றைக்கு வண்டலூர் எல்லார் நாற்காலியையும் முகர்ந்துவிட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். "வெக்கப்படுது. வூட்டப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார் அக்கா. மறுநாள் என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மாடம்பாக்கம் வந்தார்.

ஜெபராஜ் சார் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். பாவி மனிதர், அவ்வளவு நல்லவர். மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். வேப்பமரத்து நிழலில் வாசல், நாய்க்கென்று மின்விசிறி போட்ட அறை, எல்லாம் தயார். "தீபாவளிக்கு நான் எங்கேயும் போக மாட்டேன்மா, அதுகூடவே இருப்பேன்" என்றார். ஒவ்வொரு பதிலுக்கும் அக்கா முகம் மலர்ந்துகொண்டே போனது. மொட்டைமாடி ஒன்றுதான் பாக்கி. வாழ்க்கையில் முதல் முறையாக வெயிலை நம்பினேன்.

மேலே போனால், தளம் முழுக்கச் சூடேறாத வெள்ளை ஓடு பதித்திருக்கிறார் மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுச் சாவகாசமாக நின்று, பத்து எண்ணி முடித்தபின்னும் அக்காவிடம் வேப்பமரத்தின் வயதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீயும் நின்னு பாரு சார். பொண்ணு வூட்டுக்காரங்க சொல்லணும் இல்ல?" என்றார் அக்கா.

நின்றேன். வெதுவெதுப்புதான். சத்தியமாக வேறொன்றுமில்லை. ஆனால் என் கால்கள் என்னைக் கேட்காமலே எம்பின. "ஐயோ, சுடுது அக்கா, கொதிக்குது" என்று கத்திக்கொண்டு அந்த மாடி முழுக்கக் குதித்தேன். அறுபதைத் தாண்டிய வயதில் அவ்வளவு உயரம் குதிக்க முடியும் என்று எனக்கே தெரியாது.

அக்கா மெதுவாகத் தன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதற்குள் ஜெபராஜ் சார் முந்திக்கொண்டார்.

"நான் முப்பது வருஷம் பசங்களுக்கு வெப்பம் பாடம் நடத்தினவன் சார். இந்த ஓடு இவ்வளவு சுடாது" என்றவர், அக்கா பக்கம் திரும்பினார். "எனக்கு ஒரு துணை வேணும்மா, அவ்வளவுதான். வண்டலூர்தான்னு நான் பிடிவாதம் பிடிக்கலை. அது சாருக்குத்தான் வேணும் போலிருக்கு."

மானம் போனது. அதைவிட, இனி அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. ஸ்கூட்டரில் ஜங்ஷன் வந்து சேர்ந்தோம். இறங்கிய பிறகு, "நாளிக்குப் பன்னண்டரைக்கு உங்க வூடு பாக்க வரேன். சாந்திகிட்ட சொல்லிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பட்டுக்கரைப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் அடுப்படியில் உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்றுகூட அறிந்தவர், கூடத்தில் அந்நியராக உட்கார்ந்து, "வூட்ல யார் யார் கீறீங்கோ?" என்று கேட்டார். சாந்தியும் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, "நாங்க ரெண்டு பேர்தாங்க, பையன் பெங்களூர்ல இருக்கான்" என்று பதில் சொன்னாள். எனக்கோ மாடியைப் பற்றித்தான் கவலை. எங்கள் மாடி பழைய சிமெண்ட் தளம். சாந்தி காலையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியும், ஊற்றிய அடையாளமே இல்லை.

செருப்பைக் கழற்றினேன். அக்கா எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணில் பொறி பறந்தது. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நிறுத்தி, "பக்கத்து வூட்டு முருங்க நல்லாக் காய்ச்சிகீதே" என்றார். "ஆமாம் அக்கா, நல்ல காய்ப்பு" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு, இம்மியும் அசையாமல். ஏழு. எட்டு.

"போதும், எறங்கு" என்று கையைப் பிடித்து இழுத்து நிழலுக்குக் கொண்டுவந்து, தண்ணீர் வாளிக்குள் என் இரண்டு காலையும் வைத்துவிட்டார். வார்டில் எத்தனை பேருக்குப் பார்த்த கையோ, அவ்வளவு பதமாக இருந்தது.

"நேத்து ஜில்லுனு கீற தரையில குதிச்ச. இன்னிக்குக் கொதிக்கற தரையில செல மாரி நிக்கற. உனக்குக் கால்ல தோலு கீதா, இன்னா?"

நான் வாளித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாடி பெயிலு. வெயில் எறங்காம அத்த மேல வுடக்கூடாது. அப்பறம், அடுத்தது அடிபட்டு வந்தா அதுவும் இங்கதான் வரும். வண்டலூர் கீதுன்னு சாக்கு சொல்லக்கூடாது. சம்மதமா?"

அவர் முடிக்கும் முன்பே சம்மதம் என்றேன். கீழே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். வண்டலூர் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்து, ஒருவரையும் முகராமல், நேராக என் நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்தாள். அப்பாடா என்று சாந்தி போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். அக்கா பஜ்ஜி கேட்டார்.

ஜெபராஜ் சார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து, யாருக்கும் வேண்டாத வயிற்றுக்கோளாறுக் கிழவன் பெருங்களத்தூரை அழைத்துப் போனார். இருவருக்கும் இப்போது ஒரே பத்தியச் சாப்பாடு. இரண்டு பேரும் தேறிவிட்டார்கள்.

எங்கள் வீடு கொட்டகையிலிருந்து மூன்றாவது தெருதான். வண்டலூரை அக்கா தினமும் பார்க்கிறார். ஆனாலும் கத்திரி தொடங்கினால் முறைப்படி போன் வரும். "சம்பந்தி, பொண்ண தாய்வூட்டுக்கு அழச்சுகினு வாங்க." நாங்களும் வண்டலூரைக் குளிப்பாட்டி, அவளுக்கு அடுத்து அடிபட்டு வந்து எங்கள் வீட்டில் இப்போது கால் கட்டோடு இருக்கும் ஊரப்பாக்கத்தையும் தூக்கிக்கொண்டு போவோம். அக்கா அவளை எடை பார்த்துவிட்டு, தப்பாமல் என் உள்ளங்காலையும் ஒரு முறை திருப்பிப் பார்ப்பார்.

எனக்கு மகன் வழியில் பெங்களூரில் சம்பந்திகள் இருக்கிறார்கள், நல்லவர்கள்தான். ஆனால் வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் முதல் போன் ராஜகீழ்ப்பாக்கத்துச் சம்பந்திக்குத்தான் போகிறது.