இரண்டு மலை, இரண்டு கோழி, ஒரு கஸ்தூரிரங்கன்

ஒப்பிலியப்பனைச் சேவிக்கும் நம்மவர்களிடையே ‘ஒப்பிடும் அப்பன்’ என்றோர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எதையும் தனியாக விடமாட்டார். ஒன்றைக் காட்டினால், அதன் பக்கத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் அவருக்கு மூச்சு வரும்.

மயிலாப்பூர் கஸ்தூரிரங்கன் இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஆண். நங்கநல்லூர் வடையை நாமக்கல் வடையோடும், அசோக் நகர் மழையை அடையாறு மழையோடும், மனைவியின் ரசத்தை, அவள் காதில் விழும்படியாகவே, அவள் தங்கையின் ரசத்தோடும் ஒப்பிட்டு, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, “ரெண்டும் வேற வேற ரகம்” என்று தீர்ப்புச் சொல்வார். இதை யார் மறுக்க முடியும்?

மாடி வீட்டு நீரஜா பறவைகளைப் படம் பிடிப்பவள். அடையாறில் அவளுடைய முதல் கண்காட்சி. அழைப்பிதழில் ‘இரு மலைகள், இரு வேட்டைப் பறவைகள்’ என்றும், கீழே சிறிய எழுத்தில் ‘நீலகிரி, இமயம்’ என்றும் போட்டிருந்தாள். ‘இரு’ என்பதைப் பார்த்ததுமே கஸ்தூரிரங்கனுக்கு நாக்கு பரபரத்தது.

“திறப்பு விழாவுல நான் பத்து நிமிஷம் பேசறேன்.”

“படத்தை ஒரு தடவை பாத்துட்டுப் பேசுங்கோளேன், மாமா.”

“படமெல்லாம் பாக்கறவாளுக்கும்மா. பேசறவனுக்கு எதுக்கு?”

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவில், செயலாளர் வேலு அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிவிட்டார், அதுவும் ஒப்பீட்டின் நடுவில். அந்த அவமானத்தை இந்த மேடையில்தான் துடைத்தாக வேண்டும். முன்வரிசையில் உட்காரப்போவதும் அதே சங்கத்தார்தான்.

வேட்டை நாய் என்றால் வேட்டையாடும் நாய். அப்படியானால் வேட்டைப் பறவை? கழுகு, வல்லூறு. அவருக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகப்படுவது அந்த இனத்தின் வழக்கமும் அல்ல.

விழா நாள். துணி மூடிய இரண்டு படங்களின் பக்கத்தில், அவற்றுக்குச் சட்டம் போட்ட சிந்தாதிரிப்பேட்டை அப்துல் வஹீத், துணியின் நுனியைப் பிடித்தபடி நின்றார்.

“நம்ம நீலகிரிக்காரன் கிளையில உக்காந்துண்டு இருப்பான், திடீர்னு பாய்வான்,” என்றார் கஸ்தூரிரங்கன். “இமயமலைக்காரன் ஆகாசத்துலேர்ந்து செங்குத்தா இறங்குவான். ஆட்டுக்குட்டி காலி. ரெண்டும் வேற வேற ரகம்.”

கைதட்டல். வஹீத் துணியை இழுத்தார்.

இடப்பக்கம், நீலகிரிச் சோலையோரத்தில், கழுத்தெல்லாம் மெழுகு சொட்டினாற்போல் புள்ளி வைத்த சாம்பல் காட்டுக்கோழிச் சேவல். வலப்பக்கம், இமயத்துப் பனிச்சரிவில், மயில்போல் கொண்டையும் செம்பும் பச்சையுமாக மினுக்கும் கழுத்தும் கொண்ட மோனால் என்னும் மலைக்கோழிச் சேவல். இரண்டும் தரையில் இரை தேடிக்கொண்டிருந்தன.

“இன்னா சார், கோழியா ஆட்டத் தூக்கிக்கினு போச்சு?” என்றார் வேலு, மைக்கைப் பார்த்தபடியே எழுந்து.

வஹீத்துக்குப் பாவமாக இருந்தது. கஸ்தூரிரங்கனின் காதருகே குனிந்தார். மைக்கும் அங்கேதான் இருந்தது.

“இது எது மேலயும் பாயாது சார். இதும்மேலதான் மனுசன் பாஞ்சிக்கினு இருந்தான். அதான் வேட்டைப் பறவை. நாலு நாளு கண்ணாடி தொடைச்சிக்கினே பாத்தேன். இது கால்ல கிளறுது, அது பனியில மூக்க வுட்டுத் தோண்டுது.”

வேலுவின் கை மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கஸ்தூரிரங்கன் கண்ணை மூடிக்கொண்டார்.

“அதைத்தான் சொல்ல வரேன், வேலு. வேட்டையாடற பறவையைப் பத்தி இத்தனை நாழி சொன்னேன். இப்போ வேட்டைக்கு ஆளான பறவை. ஒண்ணு காலால, இன்னொண்ணு மூக்கால. ஆக, ரெண்டும்...”

“வேற வேற ரகம்,” என்று அரங்கமே முடித்துவைத்தது. நீரஜாவும் சேர்ந்துகொண்டாள்.

வேலு உட்கார்ந்துவிட்டார். மைக் தப்பியது. கஸ்தூரிரங்கன் நன்றி சொல்லும் முகத்தோடு வஹீத்தைப் பார்த்தார். “இடது பக்கத்துச் சட்டம் இருக்கே, வலது பக்கத்தைவிட...” என்று ஆரம்பித்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் சிரிக்கும்போதே, ‘இவர் அப்படியே எங்கள் பெரியப்பா, ஆனால் பெரியப்பா இன்னும் ஒரு படி மேல்’ என்று மனத்தில் ஓடியதா? ஓடியிருந்தால், நீங்களும் அந்த இனமோ என்று கழுத்தைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். மெழுகுப் புள்ளி தட்டுப்படும்.