சூலியா தெருவில் மறைந்த கப்பல்

பினாங்கில் தப்பே செய்யாத ஒரே மனிதர் எங்கள் போர்டண்ணேதான். நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். சூலியா தெருவில் பாதிக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். எழுதியதை அழிப்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது.

ஒருமுறை பால்கடைக்கு மாடு வரைந்தார். எண்ணிப் பார்த்தால் ஐந்து கால். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நிக்கிற மாட்டுக்கு நாலு போதும். இது ஓடி வர்ற மாடு லா," என்று சொல்லிவிட்டு, அண்ணே ஏணியைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டார். மாட்டைப் பார்க்கக் கூட்டம் வந்தது, பாலும் விற்றது. அப்புறம் மனுஷனைக் கையில் பிடிக்க முடியுமா?

நான் அப்போது சோற்றுக்கடை நடத்திய காக்காவின் மாடியில் குடியிருந்தேன். முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா, அக்காவை ராத்தா என்பார்கள்; தெருவே அவர்களை அப்படித்தான் கூப்பிட்டது. காக்காவுக்கும் அவர் மனைவி மைமூன் ராத்தாவுக்கும் பிள்ளை இல்லை. கடைக்குள் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் இரண்டு தங்கமீன்கள். அதுகளுக்குத் தீனி போட்டுவிட்டுத்தான் ராத்தா எங்களுக்குச் சோறு போடுவார். தொட்டிக்குப் பின்னால் கரிபிடித்த சுவர் தெரிகிறதே என்று அவருக்கு மனத்தாங்கல். கடலும் கப்பலும் வரைய அண்ணேயைக் கூப்பிட்டார்கள்.

"உள்பக்கமே அடிங்கண்ணே, பளிச்சுனு தெரியும்," என்றார் காக்கா.

"வெளிப்பக்கம்தான். என் சாயத்துல ஈயம் இருக்கு. தண்ணியில கலந்துச்சுன்னா ரெண்டும் மல்லாந்துடும்."

"மீனுக்கு ஏதாச்சும் ஆச்சு, இந்தக் கடையில அடுப்பு எரியாது, சொல்லிட்டேன்," என்றார் ராத்தா. மூன்று வேளையும் அங்கேயே சாப்பிடுகிற நான் உடனே அண்ணே பக்கம் சேர்ந்துகொண்டேன்.

மீன்களைப் பானைக்கு மாற்றினார்கள். காலித் தொட்டியைத் துடைத்து, கடைவாசலில் சாக்கு விரித்து, முன்கண்ணாடி கீழே இருக்கும்படி படுக்கப் போட்டார் அண்ணே. பின்கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் முதலில் நீலக்கடல். அது காய்ந்ததும் மேலே கப்பல். புகைபோக்கி, புகை, கேப்டனுக்கு மீசைகூட வைத்தார். தெருவே நின்று பார்த்தது.

நன்றாகக் காயவிட்டு நிமிர்த்தினார்கள். முன்னால் போய்ப் பார்த்தால் வெறும் நீலம். பலகைக்குக் கடைசியில் வரைவதுதான் மேலே தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் வரைந்தால் வரிசையே தலைகீழ், முன்னாலிருந்து பார்ப்பவருக்கு முதலில் அடித்ததுதான் தெரியும். கப்பல் கடலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது.

"கப்பல் எங்கேண்ணே?" என்று கேட்டுச் சிரித்தது கூட்டம்.

"வந்துக்கிட்டு இருக்கு," என்றார், முகம் மாறாமல்.

காக்கா தங்கமான மனுஷர். அண்ணேயின் காதருகே குனிந்தார். "உள்பக்கம் சின்னதா ஒரு கப்பல் போட்டுடுங்க. யாருக்குத் தெரியப்போவுது? உங்க பேரும் கெடாது."

அண்ணே பானையருகே போய்க் குந்தினார். இரண்டு மீனும் அவரைப் பார்த்து வாயை வாயைத் திறந்தன.  அப்புறம் எழுந்து, சவரக்கத்தி ஒன்று கேட்டு வாங்கி, அத்தனை பேர் முன்னாலும் வெளிப்பக்கத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். கேப்டன் மீசைதான் முதலில் போனது.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "நீங்க அழிக்கவே மாட்டீங்களேண்ணே?"

"அழிக்கிறேன். இப்ப என்னாங்கிறே?"

கூட்டம் சிரிப்பதை நிறுத்திக்கொண்டது. மறுபடியும் முதலில் கப்பல், காய்ந்தபிறகு கடல். வாடை போகும்வரை மீனை விடக்கூடாது என்று காவலே இருந்தார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் வேலைக்குப் போகிற வழியில் கடைக்குள் எட்டிப் பார்ப்பார். கப்பலை ஒருநாளும் பார்த்ததில்லை. இரண்டு மீனும் நீந்துகின்றனவா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்.