இரண்டு ஜக்கையனும் ஒரே ஆளா?

போடிநாயக்கனூர்,
செவ்வாய் காலை.

அன்புள்ள மருமகன் அன்புச்செல்வனுக்கு, மாமன் ஜக்கையன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தையும் குலசாமி புண்ணியத்தில் சுகம். சென்னையில் உன் சுகமும் உன் கம்ப்யூட்டரின் சுகமும் அறிய ஆவல். சுகம் என்று நான்தான் எழுதுகிறேன். டாக்டர் சுசித்ராவின் ஆஸ்பத்திரியில் நீ ஏற்றிவிட்டுப் போன சாப்ட்வேரைக் கேட்டால் எனக்கு ஆயுசு அதிகமில்லை.

"காசில்லாத சாப்ட்வேர் மாமா, உள்ள எழுதியிருக்கிறத யாரும் தெறந்து பாக்கலாம், திருத்தலாம்" என்று நீ சொன்னபோது பெருமையாகத் தலையாட்டினேன். நேற்று இருமலுக்கு மருந்து வாங்கப் போனால், டாக்டரம்மா திரையைப் பார்த்து முகம் வாடி, "நெஞ்சுல அடைப்பு இருக்கு, வெரசா மதுரைக்குப் போங்கன்னு போன மாசமே சொன்னேனே, ஏங்கய்யா போகல?" என்றார். எனக்கு இருமல்தானம்மா என்றால் யார் கேட்கிறார்கள்? படுக்க வைத்து, சட்டையைக் கழற்றி, ஒயரை ஒட்டிப் பார்த்தார்கள். என் நெஞ்சு ஒழுங்காகத்தான் அடிக்கிறது. பிறகுதான் பதிவு போடும் கார்த்திகா கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். "பேரு ஒண்ணு, இனிஷியல் ஒண்ணு, போன் நம்பரும் ஒண்ணு. ரெண்டும் ஒரே ஆளான்னு கம்ப்யூட்டரு கேட்டுச்சு. ஆமான்னு அமுக்கிட்டேங்கய்யா."

அந்த இன்னொரு ஆள் யார் தெரிகிறதா? ராசிங்காபுரத்தான். என் சித்தப்பா சின்ராசு மகன். தாத்தா பெயரை என் அப்பா சின்னமுத்து எனக்கு வைத்தார், சித்தப்பாவும் அவனுக்கு வைத்தார். படித்த மருமகன் என்று நாங்கள் இருவருமே உன் நம்பரைக் கொடுத்துத் தொலைத்திருக்கிறோம். மதுரைக்குப் போகச் சொல்லி வந்த மெசேஜை நீ லோன் விளம்பரம் என்று தள்ளியிருப்பாய்.

அவனுக்கும் எனக்கும் பேச்சில்லை என்பது உனக்குத் தெரியும். சிவராத்திரியன்று குலசாமி கோயிலில் பூசாரி முதல் திருநீறுக்கு "ஜக்கையா" என்று கூப்பிட, இருவரும் கையை நீட்டினோம். திருநீறு கீழே கொட்டியது. அன்றோடு சரி. கல்யாணப் பந்தியில்கூட அவன் இருக்கும் வரிசையில் நான் உட்காராதபோது, என்னைக் கேட்காமல் ஒரே பக்கத்தில் எங்களை உட்கார வைக்க உன் சாப்ட்வேர் யார்? உடனே திறந்து எங்களைப் பிரித்துவிடு. அவன் மனைவி கருப்பம்மாள் நேற்று சந்தையில் சிரித்துப் பேசி மொச்சை வாங்கிக்கொண்டிருந்தாள். அவன் வீட்டில் சொல்லவில்லை போல. அவன் நெஞ்சு, அவன் பாடு, எனக்கென்ன? ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் அது இருமலால்.

நோய்நொடி அண்டாமல், சிக்னல் குறையாமல் நீ நூறாண்டு இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சி. ஜக்கையன்,
நெஞ்சு நன்றாக உள்ளவன்.

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போனவன் ராசிங்காபுரம் பஸ்சில் ஏறிவிட்டேன். களத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான். "மதுரைக்குக் கெளம்புடா" என்றேன். "ஒனக்கு யாரு சொன்னது?" என்றான். "கம்ப்யூட்டரு என்னையப் போகச் சொல்லுது. ஒனக்குப் பதிலா நான் போயிப் படுக்கவா?" என்றேன். "பயமா இருக்குண்ணே" என்றான். அண்ணே என்று அவன் கூப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, மருமகனே. கருப்பம்மாளிடமும் சொல்லியாகிவிட்டது. நாளைக் காலை கிளம்புகிறோம்.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். வைத்தியத்துக்கு மட்டும் எங்களைப் பிரித்துவிடு. அவன் பக்கத்தில் உன் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போடு. வரும் சிவராத்திரிக்கு முதல் திருநீறு அவனுக்குத்தான், நான் கை நீட்ட மாட்டேன். அவன் வந்து நீட்டினால் போதும்.