செல்ஃப் எடுக்கலை

"மறுபடியும் அவளையா கூப்பிடப் போறீங்க?"

"செல்ஃப் எடுக்கலைன்னா வேற யாரைக் கூப்பிடறது, பல் டாக்டரையா?"

"இந்த மாசத்துல இது நாலாவது–"

"பழைய வண்டின்னா அப்பப்ப மக்கர் பண்ணத்தான் செய்யும்."

"பழைய பொண்டாட்டின்னாலும் அப்படித்தானா?"

கணவர் கண்ணாடி முன் நின்று மீசையை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"கார் ரிப்பேருக்கு எதுக்கு இஸ்திரி போட்ட சட்டை?"

"நாலு பேர் பார்ப்பாங்க."

"வரப்போறது ஒருத்திதானே."

அந்த ஒருத்தி, தெருமுனையில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் கார் எலெக்ட்ரீஷியன். வருவாள், பானெட்டுக்குள் தலையை விடுவாள், இரண்டே நிமிஷத்தில் வண்டி கிளம்பிவிடும். அதற்கப்புறம் கணவர் அரை மணி நேரம் அவளிடம் சந்தேகம் கேட்பார். இருபது வருஷத்தில் மனைவியிடம் அவர் கேட்ட ஒரே சந்தேகம், "சாப்பாடு ஆச்சா?"

"இன்னிக்கு அவ வர வேண்டாம். நானே சரி பண்றேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"மூணு தடவை சமையலறை ஜன்னல்ல நின்னு பார்த்திருக்கேன்ல."

பார்த்தது உண்மைதான். ஆனால் மூன்று தடவையும் பார்த்தது அவள் முகத்தை. கை எங்கே போயிற்று என்று கவனிக்கவே இல்லை. டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்த பிறகுதான் அது உறைத்தது.

அதற்காக எழுந்திருக்க முடியுமா? ஃபியூஸ்களையெல்லாம் பிடுங்கி, துடைத்து, சொருகினாள். துணிக்கு நூல் தேடுவதுபோல் நிறம் பார்த்து ஒயர்களை மாற்றி மாட்டினாள். சாவியைத் திருப்பினாள்.

செல்ஃப் எடுக்கவில்லை. வைப்பர் ஆடியது.

"மழையே இல்லையேம்மா," என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க."

இன்னொரு ஒயரை மாற்றினாள். வைப்பர் நின்றது. ஹாரன் பிடித்துக்கொண்டது. சாவியை உருவியும் நிற்கவில்லை. மாடி வீட்டுக்காரர் பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு இறங்கி ஓடிவந்தார்.

"யாரை சார் இப்படிக் கூப்பிடறீங்க?"

"எங்கே சார், யாரையும் கூப்பிட விட மாட்டேங்கறா."

அவள் விடுவிடுவென்று உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள். நறுக். ஹாரன் அடங்கியது. டாஷ்போர்டிலிருந்து ஊதுபத்திப் புகைபோல் ஒரு கோடு எழும்பியது.

கணவர் போனை எடுத்தார். அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நானே பேசறேன்."

ஆக, யார் வரக்கூடாது என்று காலையிலிருந்து கரித்துக்கொட்டினாளோ, அவளிடமே, "கொஞ்சம் சீக்கிரம் வாம்மா," என்று கெஞ்சும்படி ஆயிற்று.

எலெக்ட்ரீஷியன் வந்தாள். இஸ்திரி போட்ட சட்டையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"சார், தள்ளி நில்லுங்க. வெளிச்சத்தை மறைக்கறீங்க."

மனைவிக்கு நெஞ்சுக்குள் என்னவோ சில்லென்றது. இந்தப் பெண்ணுக்கு இவர் வெளிச்சத்தை மறைக்கிற ஒரு சாமான், அவ்வளவுதான். இதற்கா ஒரு மாசமாகத் தூக்கம் கெட்டோம்?

"நான்தாம்மா கை வெச்சேன்," என்றாள் மெதுவாக.

"தெரியுது அக்கா. நல்ல தைரியம் உங்களுக்கு." எலெக்ட்ரீஷியன் டாஷ்போர்டை முடித்துவிட்டுப் பானெட்டைத் திறந்து உள்ளே குனிந்தாள்.

மனைவி கணவர் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "உங்களைப் போய் என்னென்னமோ நினைச்சுட்டேன்."

"பரவாயில்லை விடு." கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "புருஷன் மேல ஒரு நம்பிக்கை வேணும்மா. சந்தேகம்னு ஒண்ணு உள்ள வந்துட்டா, அப்புறம் குடும்பம்னு–"

"சார்," என்றது பானெட்டுக்குள்ளிருந்து குரல், "அக்கா வெட்டினதை ஒட்டிட்டேன், ஆனா நீங்க வாரா வாரம் கழட்டி விடறீங்களே, அந்த செல்ஃப் ஒயர், அதோட கிளிப்பு தேஞ்சே போச்சு."