சவரிமுத்து சொன்ன சாட்சி

குடியை விட்டவனுக்கு உடனடியாக இன்னொரு வெறி பிடிக்கிறது: பிறரையும் விட வைப்பது. முதல் வெறியில் என்னை மட்டுமே கெடுத்துக்கொண்டேன். இரண்டாவதில் இன்னொருவன் பிழைப்பையே கெடுக்கப் பார்த்தேன். பட்டதாரி ஒருவன் இதை ஒப்புக்கொள்வது எளிதல்ல.

ஐம்பதுகளில் மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். இரண்டு வருடம் சாராயத்தில் மூழ்கி, எங்கள் புராட்டஸ்டண்ட் சபையின் ஜெபத்தால் கரையேறியவன். ஈரம் காய்வதற்குள் ஞாயிறுதோறும் சபைக் கட்டடத்தில் குடிகாரர்களுக்காக 'விடுதலைக் கூட்டம்' நடத்தத் தொடங்கினேன். சமுதாயத்தைக் குறித்த என் கவலை அத்தகையது. (வந்தது நாலு பேரு. அதுல ரெண்டு பேரு காப்பிக்கு வந்தவங்க.)

ஃபாக்டரியில் கொழுந்து வாட்டும் சவரிமுத்து, குடித்துவிட்டு வேலைக்கு வராததால், அவனை நீக்க மேனேஜர் துரை தீர்மானித்திருந்தார். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். மனைவி மரியம்மாளும் மூன்று பிள்ளைகளும் மலையிறங்க வேண்டியதுதான். நான் பரிந்து பேசினேன். கூட்டத்துக்கு வந்து அவன் பேசுவதைக் கேட்டபின் முடிவு செய்வதாகத் துரை சொன்னார்.

"சவரி, தொரை முன்னால நீ சாட்சி சொல்லணும். அதுலதான் ஒன் வேலை இருக்கு."

"எதைப் பத்தி ஐயா?"

"குடியைப் பத்தி. நடந்ததை நடந்தபடி சொல்லு. எதையும் மறைக்காதே."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்!"

"ஒங்களுக்குச் சம்மதம்னா சரி ஐயா" என்றவன், ஏன் என்னை அவ்வளவு இரக்கத்தோடு பார்த்தான் என்பது அப்போது விளங்கவில்லை.

ஞாயிறன்று இரவல் கோட்டு அணிந்து வந்து, வேதாகமத்தின்மேல் கைவைத்தான்.

"சத்தியமாச் சொல்லுதேன் தொரை. போன ஈஸ்டருக்கு மறுநாள், கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குப் பின்னால, நம்ம கிளார்க்கு ஐயா வாய்க்கால்ல கெடந்தாக. ஒரு செருப்பைக் கழட்டிப் போன் மாதிரி காதுல வச்சு, 'எக்ஸ்சேஞ்சா? கொச்சியைக் குடும்மா'ன்னு கேட்டாக."

எங்கள் சபையில் சாட்சி என்றால், கடவுள் தன்னை மீட்ட கதையைச் சபையார்முன் சொல்வது. சவரிமுத்துவோ கத்தோலிக்கன், பாவத்தைச் சாமியார் காதோடு சொல்லி முடித்துக்கொள்பவன். அவன் அறிந்த சாட்சி, தேவிகுளம் கோர்ட்டில் கூண்டேறிச் சொல்வது ஒன்றுதான்.

நான் குழம்பினேன், துரை என்னைவிடக் குழம்பினார்.

"கிளார்க்! அந்த மண்டே உனக்கு மலைக்காய்ச்சல் இல்லையா? லீவு லெட்டர் வந்ததே!" என்றவர், சவரிமுத்து பக்கம் திரும்பினார். "உனக்கு இது எப்படித் தெரியும்?"

"நான்தான் தொரை எக்ஸ்சேஞ்சு. பக்கத்துல படுத்திருந்தேன்."

(காப்பிக்கு வந்த ரெண்டு பேரும் காப்பியை மறந்துட்டாங்க.)

பின்வரிசையில் இருந்த மரியம்மாள் எழுந்துவிட்டாள். "ரெண்டையும் இழுத்துக் கரையில போட்டவ நான் தொரை. ஒண்ணுக்குக் காய்ச்சல்னு லீவு குடுத்தீக. இன்னொண்ணுக்குச் சீட்டைக் கிழிக்கப் பாக்கீக. இது என்ன ஞாயம்?"

உண்மையைச் சொன்னால் என் வேலை போகும்; மறைத்தால் அவன் வேலை போகும். எதையும் விளைவுகளை ஆராய்ந்த பின்னரே பேசுகிறவன் நான். அன்று ஆராய்ச்சி முடிவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"காய்ச்சல் இல்லை, துரை. சாராயம்."

நான்கு மாதமாகக் கூட்டம் நடத்திய நான் சொன்ன முதல் உண்மையான சாட்சி அதுதான்.

துரை வெகுநேரம் தலையைச் சொறிந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்துத் தீர்ப்புக் கூறும்படி ஆகுமென்று அவர் எதிர்பார்க்கவில்லை. "ஒருவனுக்கு ஒருவன் காவல். ஒருவன் குடித்தால் இரண்டு பேரும் வெளியே" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாள் முதல், வேலை முடிந்த சங்கு கேட்டதும் சவரிமுத்து ஆபீஸ் வாசலில் நிற்பான். "ஊதுங்க ஐயா." நான் அவன் முகத்தில் ஊதுவேன், அவன் என் முகத்தில் ஊதுவான். ஞாயிறன்று சபை வாசலில் கூட்டத்தாரும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். புதிதாக வந்த போதகர் ஒருவர், இது மலைச்சபைகளின் புராதனச் சடங்கென்று எண்ணி, கண்களை மூடி, பக்தியோடு ஊதினார். முகர்ந்து பார்த்த சவரிமுத்து, "சாமி சுத்தம். உள்ள போகலாம்" என்றான்.

எங்கள் இருவர் வேலையும் கடைசிவரை நிலைத்தது. என் மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையையும் சவரிமுத்து வாசலில் நிறுத்திவிட்டான். எதற்கென்று புரியாமலே அவர் ஊதினார். இன்றும் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒருமுறை ஊதிவிட்டுத்தான் படியேறுகிறார். அவருக்கு இதுவரை யாரும் விளக்கவில்லை.