செரிப் அண்ணையின் ‘ஆள் சரி’

அமெரிக்காவின் மேற்கில் ஒருகாலத்தில் துப்பாக்கியோடு திரிந்த போக்கிரிகள் அத்தனை பேரையும், லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் சோபாவை விட்டு எழும்பாமலே கொன்று தீர்த்தவர் எங்கள் செரிப் அண்ணை. நாங்கள் யாழ்ப்பாணத்தவர் சிலர் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீட்டில் அவர்தான் மூத்தவர். வேலை பெற்றோல் ஷெட்டில். குளிக்கும் நேரம் தவிர எப்போதும் தலையில் அந்தக் காலத்து அமெரிக்கச் செரிப், அதாவது ஊர்க்காவல் அதிகாரி, போடும் அகன்ற தொப்பி. பட்டம் அதனால் வந்தது.

"பல்லுப் பிடுங்கிறவன், பிறகு சூதாடி. துவக்கை எடுக்கிறதைக் கண்ணால காணேலாது, அவ்வளவு வேகம்" என்று தொடங்குவார். இன்னொருவன் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடதாசிச் சீட்டு விளையாடியவன். "பின்னால வந்தவன் வைச்சான் ஒரு வெடி. ஆள் சரி."

எந்தக் கதையும் இந்த இரண்டு சொல்லில்தான் முடியும். யாழ்ப்பாணத்தில் அப்படிச் சொன்னால் ஆள் செத்தான் என்று அர்த்தம்.

வாயைப் பிளந்து கேட்பவர் முருகேசன். மதுரைக்காரர், எங்களோடு அறை எடுத்திருந்தவர். எங்கள் தமிழைப் பேசிப் பார்ப்பதில் அவருக்குத் தீராத ஆசை.

2009 வந்தது. செரிப் அண்ணையின் தங்கை வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தாள். மாதக் கணக்காக ஒரு செய்தியும் இல்லை. போன் அடித்தால் ஒருவருக்கும் எடுக்கக் கை வராது. அண்ணையோ முன்னையை விடக் கூடுதலாகக் கதை சொன்னார். காலையில் இருவர், பின்னேரம் இருவர் என்று சுட்டுத் தள்ளினார். பேச்சை நிறுத்தினால் பயம் பிடித்துவிடும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

ஒரு மத்தியானம் அவர் குளிக்கப் போன நேரம் போன் அடித்தது. முருகேசன் துணிந்து எடுத்தார். கேட்டார், வைத்தார். ஈரத் தலையோடு வந்த அண்ணையிடம் விஷயத்தை எங்கள் தமிழிலேயே சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"அண்ணை, கொழும்பில இருந்து போன். உங்கட தங்கச்சி ஆள் சரி."

செரிப் அண்ணை அப்படியே தரையில் இருந்துவிட்டார். முருகேசன் மட்டும் சிரித்த முகத்தோடு நின்றார்.

"எப்ப செத்தவவாம்?" என்று நான்தான் கேட்டேன்.

"ஐயோ, சாகலீங்க. முகாம்ல நல்லா இருக்காங்களாம். அதைத்தான சொன்னேன்?" என்றார். பிறகு முகம் வெளிறிப்போய் மெதுவாகக் கேட்டார். "அப்ப அந்த ரவுடிங்க எல்லாருமே செத்துட்டாங்களா?"

அண்ணை எழும்பினார். யாழ்ப்பாணத்தில் உள்ள தூஷணம் முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டினார். நடுவில் அழுதார், நடுவில் சிரித்தார். "அந்தச் சொல்லை இனி வாயில எடுக்காதை" என்று கத்தியபடியே முருகேசனைக் கட்டிப்பிடித்தார்.

"சரிண்ணே, சரிண்ணே" என்றார் முருகேசன்.

அண்ணை இப்போது கனடாவில், தங்கை வீட்டில். எனக்கு அவருடைய கதைகள்கூட வேண்டாம். அன்றைக்குத் திட்டிய திட்டை இன்னொரு தரம் கேட்டால் போதும்.